37 கணினிகள், ஒரே பதிவேடு

சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணினிகளைக் கவனிக்கும் வேலையில் நான் சேர்ந்த அன்று, எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் சாவிக்கொத்தோடு ஒரு நீள நோட்டையும் கையில் கொடுத்தார். பக்கத்துக்கு ஒரு கணினி. மொத்தம் 37 பக்கங்கள். அந்தந்தக் கணினியில் யார் யாருக்கு லாகின் இருக்கிறது, கடவுச்சொல் என்ன, எப்போது மாற்றப்பட்டது என்று நீல மையில் எழுதி, பழையதைச் சிவப்பில் அடித்து, ஓரத்தில் புதியதை நுணுக்கி எழுதியிருந்தார். பொறுப்பான மனிதர். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இந்த வேலையின் கனம் எனக்குப் புரிந்தது.

ஆனால் நோட்டுக்கு ஓர் எல்லை உண்டு. கணக்குப் பிரிவில் ஒருவர் மேஜை மாறி உட்கார்ந்தால் இரண்டு பக்கங்களைத் திருத்த வேண்டும். செவ்வாய்பேட்டைக் கிடங்கிலிருந்து ஒருவர் வந்து ஒரு மணி நேரம் இங்கே வேலை பார்க்க வேண்டுமென்றால், இங்கும் அவருக்கு ஒரு லாகின் உருவாக்க வேண்டும். கிடங்கு மேலாளருக்கு ஆறு கணினிகளில் கணக்கு இருந்தது, கடவுச்சொற்கள் நான்கு. எது எந்தக் கணினிக்கு என்பதை அவர் காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

நான் சேர்ந்த சில மாதங்களில் ஒரு சம்பவம். விற்பனைப் பிரிவிலிருந்து விலகிய ஒருவரின் பெயர் நோட்டில் மூன்று பக்கங்களில் அடிக்கப்பட்டிருந்தது. நான்காவது பக்கத்தில் விடுபட்டிருந்தது. அது கொண்டலாம்பட்டி ஆலையில் பொதுவாக வைத்திருந்த ஒரு கணினி. அவர் போய் எட்டு மாதம் கழித்து, அவர் பெயரில் யாரோ உள்ளே நுழைந்து விலைப்பட்டியலைத் திறந்திருந்தார்கள். அவர்தான் வெளியே இருந்துகொண்டு ஆள் வைத்துச் செய்தார் என்று ஒரு வாரம் எல்லாரும் பேசினார்கள். உண்மையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி வைத்திருந்த வேறொருவர், அவசரத்துக்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறார். குற்றமே செய்யாத மனிதர் மீது ஒரு வாரம் பழி இருந்தது. இன்றும் எனக்கு அது உறுத்துகிறது. கணக்கு என்பது ஆளோடு சேர்ந்து வர வேண்டும், ஆளோடு சேர்ந்து போகவும் வேண்டும். அது கணினிதோறும் சிதறிக் கிடந்தால், யாருடைய பெயருக்கும் பாதுகாப்பு இல்லை.

இந்தச் சிதறலைச் சரிசெய்ய வந்ததுதான் டைரக்டரி சேவை. அலுவலகங்களில் இதைப் பொதுவாக ‘டொமைன்’ என்பார்கள். ‘டொமைனில் சேர்த்தாயிற்றா?’ என்று கேட்டால், ‘அந்தக் கணினி பொதுப் பதிவேட்டை நம்பத் தொடங்கிவிட்டதா?’ என்று பொருள்.

பதிவேடு என்றால் என்ன

ஒரு நிறுவனத்தின் வலையமைப்பில் இருக்கும் ஆட்கள், கணினிகள், பிரின்டர்கள், குழுக்கள் ஆகிய எல்லாவற்றையும் பற்றிய விவரங்களை ஒரே இடத்தில் வைத்து, கேட்கிற கணினிக்கெல்லாம் பதில் சொல்லும் ஏற்பாடுதான் டைரக்டரி சேவை. கிராமத்தில் நிலம் யாருடையது என்று தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியையும் திறந்து பத்திரம் பார்ப்பதில்லை, சிட்டாவைப் பார்க்கிறோம். வங்கியும் அதைத்தான் கேட்கிறது, நீதிமன்றமும் அதைத்தான் கேட்கிறது. கணினிகளும் அப்படியே. 37 பெட்டிகளில் இருந்த பத்திரங்களை ஒரு சிட்டாவாக்க வேண்டும்.

இது சாதாரணத் தரவுத்தளத்திலிருந்து இரண்டு வகையில் வேறுபடுகிறது. ஒன்று, இதில் எழுதுவது குறைவு, படிப்பது மிக அதிகம். ஒருவர் சேரும்போது ஒருமுறை எழுதுகிறோம். அதன் பிறகு அவர் கணினியைத் திறக்கும்போதும், கோப்பைத் தொடும்போதும், பிரின்ட் கொடுக்கும்போதும் படிக்கப்படுகிறது. இரண்டு, விவரங்கள் அட்டவணையாக இல்லாமல் மரமாக அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் தபால் முகவரி போல ஒரு முழுப்பெயர் உண்டு: ஆள், அவர் இருக்கும் பிரிவு, அந்தப் பிரிவு இருக்கும் ஊர், கடைசியில் நிறுவனம். உறையின் மேல் பெயர், கதவு எண், தெரு, அம்மாப்பேட்டை, சேலம் என்று எழுதுவதைப் போலவே சிறியதிலிருந்து பெரியதை நோக்கிப் போகும்.

இந்த மரவடிவம் தொலைபேசித் துறையிலிருந்து வந்தது. உலகத் தொலைத்தொடர்பு அமைப்புகள் சேர்ந்து 1988-ல் எக்ஸ்.500 என்ற தரநிலையை வகுத்தன. உலகம் முழுவதற்குமான ஒரே டைரக்டரி என்பது அவர்கள் கனவு. கனவு பெரிது, அதை இயக்கத் தேவைப்பட்ட மென்பொருள் அடுக்கோ அக்காலத்து மேஜைக் கணினிகளுக்குச் சுமக்க முடியாத பாரம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸும், அவரோடு ஸ்டீவ் கில், வெங்யிக் யோங் ஆகியோரும் சேர்ந்து, அதே பதிவேட்டை இணையக் கணினிகள் பேசிக்கொள்ளும் முறையான டிசிபி/ஐபி வழியாக எளிதாகக் கேட்டுப் பெறும் முறையை உருவாக்கினார்கள். 1993-ல் வெளிவந்த அந்த எளிய நெறிமுறைதான் எல்டாப். அதே 1993-ல் நாவெல் நிறுவனம் நெட்வேர் 4 என்ற தன் வலையமைப்பு மென்பொருளில் முழுமையான டைரக்டரி ஒன்றைத் தந்தது. மைக்ரோசாஃப்ட் சற்றுத் தாமதமாக, 2000 பிப்ரவரியில், விண்டோஸ் 2000 சர்வருடன் ஆக்டிவ் டைரக்டரியைக் கொண்டுவந்தது. பிந்தி வந்தாலும் அலுவலகங்களில் நிலைத்தது அதுதான். எங்களிடம் இருப்பதும் அதுவே என்பதால், இனி சொல்வதில் பெரும்பகுதி அதைப் பற்றியது.

பெயர் என்னும் முதல் சிக்கல்

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வந்த உள்ளூர் விடுமுறையில் உட்கார்ந்து, நோட்டிலிருந்த பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றத் தொடங்கினேன். நான் பயந்ததெல்லாம் தொழில்நுட்பம் பற்றித்தான். ஆனால் முதல் நாள் முழுவதும் நான் போராடியது பெயர்களோடு.

இந்தப் பதிவேடுகளின் வடிவம் குடும்பப் பெயர் உள்ள நாடுகளில் தீர்மானிக்கப்பட்டது. எல்டாப் தரநிலையில் ஓர் ஆளைப் பதிய இரண்டு விவரங்கள் கட்டாயம்: ஒன்று வழங்கும் பெயர், மற்றொன்று குடும்பப் பெயர். இரண்டாவது இல்லாமல் பதிவையே ஏற்காது. ஆக்டிவ் டைரக்டரி அதைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும், திரையில் கட்டம் காத்துக்கொண்டிருக்கும். சேலத்தில் தறியோடு வாழ்ந்துவரும் சௌராஷ்டிரக் குடும்பங்கள் சிலவற்றில் குடும்பப் பெயர் வழங்குகிறது. மற்றவர்களுக்குத் தந்தை பெயரின் முதல் எழுத்துதான். அந்த ஓர் எழுத்தை எந்தக் கட்டத்தில் போடுவது? ‘இனிஷியல்’ என்றே ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் அது மேலைநாட்டினரின் நடுப்பெயருக்கானது, எழுத்தைப் பெயருக்குப் பின்னால்தான் வைக்கும். நாம் முன்னால் எழுதுகிறவர்கள்.

எங்களிடம் கே. முருகன் மூன்று பேர். ஒருவர் கணக்கு, ஒருவர் கிடங்கு, ஒருவர் வண்டிப் பிரிவு. முருகேசன் என்ற பெயரை ஆங்கிலத்தில் இருவர் இருவிதமாக எழுதினார்கள். மீனாட்சிசுந்தரம் என்ற பெயர் ஆங்கில எழுத்தில் 17; ஒரு புள்ளியும் இரண்டு இனிஷியலும் சேர்த்தால் சரியாக 20. ஆக்டிவ் டைரக்டரியின் பழைய வகை லாகின் பெயருக்கு அந்த 20 எழுத்துதான் எல்லை. மூன்று இனிஷியல் உள்ள ஒருவர் வந்தால் பெயரை வெட்ட வேண்டும். திருமணத்துக்குப் பிறகு தந்தையின் இனிஷியலைக் கணவரின் இனிஷியலாக மாற்றிக்கொள்ளும் பெண்களுக்கு லாகின் பெயரையும் மாற்றுவதா என்ற கேள்வி வேறு.

கடைசியில் சம்பளப் பட்டியலில் உள்ள பணியாளர் எண்ணையே லாகின் பெயராக வைத்தேன். எண் மாறாது, இரண்டு பேருக்கு வராது. காட்டும் பெயரை மட்டும் அவரவர் கையெழுத்துப் போடுவதைப் போலவே, இனிஷியலை முன்னால் வைத்து எழுதினேன். என் பெயர் எண்ணாகிவிட்டதே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். நியாயமான வருத்தம்தான். ஆனால் திரையில் அவர்கள் பெயர் சரியாகத் தெரிந்ததும் அது அடங்கிவிட்டது. பெயர் விதியை முதல் நாளே எழுதி ஒட்டிவிட வேண்டும் என்பது என் கருத்து. பாதிப் பேரை ஒரு முறையிலும் மீதிப் பேரை வேறு முறையிலும் பதிந்துவிட்டால், பிறகு தேடும்போதெல்லாம் தடுமாற வேண்டியிருக்கும்.

பதிவேடு உள்ளுக்குள் ஒருவரை அடையாளம் காண்பது பெயரால் அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு உருவாகும் கணத்தில் அதற்கு ஒரு நீண்ட பாதுகாப்பு எண் வழங்கப்படுகிறது. பெயர் மாறலாம், பிரிவு மாறலாம், ஊர் மாறலாம். அந்த எண் மாறாது. கோப்புகளின் பூட்டுகளில் எழுதப்படுவதும் அந்த எண்தான். கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக உருவாக்கினால் எண் வேறாகிவிடும். பழைய உரிமைகள் ஒன்றும் ஒட்டாது. நான் ஒருமுறை அவசரத்தில் அப்படிச் செய்துவிட்டு, ஒரு நாள் முழுக்க ஒருவருடைய உரிமைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதினேன்.

நுழைவுச் சீட்டு

பதிவேடு வேறு, சோதனை வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறவர்கள் பலர். யார் இருக்கிறார்கள் என்பதைப் பதிவேடு வைத்திருக்கிறது. வந்திருப்பவர் அவர்தானா என்று சோதிப்பது கெர்பரோஸ் என்ற முறை. 1980-களில் அமெரிக்காவின் எம்ஐடியில், அத்தீனா என்ற திட்டத்துக்காக எழுதப்பட்டது.

ஆலை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஷிப்டுக்கு வருபவர் வாசலில் அடையாள அட்டையைக் காட்டுகிறார். காவலர் பதிவேட்டைப் பார்த்து அன்றைக்கு மட்டும் செல்லும் முத்திரைச் சீட்டு ஒன்றைத் தருகிறார். பிறகு ஸ்டோருக்குப் போனாலும் கேன்டீனுக்குப் போனாலும் அட்டையை எடுக்க வேண்டியதில்லை. அங்கிருப்பவர்கள் முத்திரையை நம்புகிறார்கள். கெர்பரோஸும் அப்படித்தான்: காலையில் ஒருமுறை கடவுச்சொல், அதற்கு ஒரு சீட்டு; அதைக் காட்டி ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிச் சிறு சீட்டுகள். ஆக்டிவ் டைரக்டரியில் இயல்பாக இவற்றின் ஆயுள் 10 மணி நேரம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம், கடவுச்சொல் கம்பி வழியாகப் போவதே இல்லை என்பது. கடவுச்சொல்லிலிருந்து ஒரு சாவியை உண்டாக்கி, அப்போதைய நேரத்தை அந்தச் சாவியால் பூட்டி, கணினி அனுப்புகிறது. சர்வர் தன்னிடம் உள்ள சாவியால் திறந்து, உள்ளே சரியான நேரம் இருக்கிறதா என்று பார்க்கிறது. நடுவில் ஒட்டுக் கேட்பவர் அதைப் பிடித்து வைத்து நாளைக்கு அனுப்பினால் நேரம் பொருந்தாது. அதனால்தான் கணினிகளின் கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது என்ற விதி. இந்த 5 நிமிடம் பின்னால் ஏற்காட்டில் என்னைப் பிடித்துக்கொண்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய மென்பொருள்களும் ஸ்கேனர் போன்ற கருவிகளும் கெர்பரோஸ் தெரியாமல், பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே எல்டாப் வழியாகக் கொடுத்துச் சரிபார்க்கும். 389 என்ற எண்ணுள்ள வாயிலில் (போர்ட்) குறியாக்கம் (என்கிரிப்ஷன்) இல்லாமல் அது நடந்தால் வலையமைப்பில் இருக்கும் எவரும் படித்துவிடலாம். 636 வாயிலில் குறியாக்கத்துடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளையும் குழுவும்

பதிவேட்டு மரத்தில் ஆட்களை அடுக்கும் பெட்டிகளைக் கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆள் ஒரே ஒரு கிளையில்தான் இருக்க முடியும். குழு என்பது வேறு: ஒருவர் எத்தனை குழுக்களில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஊரில் ஒருவருக்கு ஒரே வீட்டு முகவரி. ஆனால் அவர் கூட்டுறவுச் சங்கத்திலும் இருக்கலாம், கோயில் விழாக் குழுவிலும் இருக்கலாம். முகவரி கிளை, சங்கம் குழு.

நான் முதலில் வரைந்த மரம் தவறானது. நிர்வாக இயக்குநர் உச்சியில், அவருக்குக் கீழே பொது மேலாளர், அவருக்குக் கீழே பிரிவுத் தலைவர்கள் என்று சுவரில் மாட்டியிருந்த பதவி வரிசையை அப்படியே படியெடுத்துவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஒரு மேலாளர் மாறியபோது பாதி மரத்தைப் பிய்த்து நட வேண்டியதாயிற்று. கிளைகளைப் பிரிப்பதன் பயன் இரண்டே இரண்டு: எந்த விதி எந்தக் கணினிகளுக்கும் ஆட்களுக்கும் பொருந்தும் என்று வகுப்பது ஒன்று, ஒரு கிளையின் சிறு வேலைகளை யாரிடம் ஒப்படைப்பது என்பது இன்னொன்று. இப்போது எங்கள் மரத்தில் முதல் கிளைகள் இடங்கள்: ஐந்து ரோடு, கொண்டலாம்பட்டி, செவ்வாய்பேட்டை, ஏற்காடு. ஆலையின் கணினிகளில் பென் டிரைவ் செருகக் கூடாது, கணக்குப் பிரிவில் 10 நிமிடம் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும் போன்ற விதிகளை அந்தந்தக் கிளையில் மாட்டிவிட்டால் போதும். கணினிகள் தாமாக ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை புதிய விதி உண்டா என்று கேட்டுக்கொள்ளும். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டு சர்வரை நெருக்காமலிருக்க, அதோடு அரை மணி வரை ஒரு சிறு விலகலும் சேர்க்கப்படுகிறது.

உரிமைகளைக் குழுவுக்கே கொடுக்க வேண்டும், ஆளுக்குக் கொடுக்கவே கூடாது. விலைப்பட்டியல் கோப்புறைக்கு நாங்கள் இரண்டு குழுக்கள் வைத்திருக்கிறோம்: ‘விலைப்பட்டியல் படிக்க’, ‘விலைப்பட்டியல் திருத்த’. விற்பனைப் பிரிவு என்ற குழு முதலாவதில் உறுப்பு. ஒருவர் விற்பனைக்கு மாறினால் அந்தப் பிரிவுக் குழுவில் சேர்ப்பதோடு என் வேலை முடிந்தது. கோப்புறையின் பக்கமே போவதில்லை. முன்பு நடந்த சம்பவத்தில் எங்களால் ஒரு வாரம் பதில் சொல்ல முடியாத கேள்வி, இந்தக் கோப்பை யாரெல்லாம் திறக்க முடியும் என்பது. இப்போது இரண்டு குழுக்களின் உறுப்பினர் பட்டியலைப் படித்துக் காட்டினால் பதில் கிடைத்துவிடுகிறது.

மலைமேல் இன்னொரு பிரதி

உரிமையாளர் குடும்பத்துக்கு ஏற்காட்டில் காபித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்த தோட்டத்தின் நடுவே ஓர் அலுவலகம், ஐந்து கணினிகள். கூலிப் பட்டியலும் பழ எடையும் அங்கே பதியப்படுகின்றன. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்கம்பி அறும், இணைய இணைப்பும் போகும். கீழே சேலத்தில் இருக்கும் பதிவேட்டை நம்பி அவர்கள் எப்படி வேலை செய்வது?

டைரக்டரி சேவைகள் இதை முன்பே யோசித்திருக்கின்றன. பதிவேட்டின் பிரதிகளைப் பல சர்வர்களில் வைக்கலாம். பழைய விண்டோஸ் என்டி காலத்தில் ஒரே ஒரு மூலப் பிரதியில்தான் எழுத முடியும், மற்றவை படிக்க மட்டும். ஆக்டிவ் டைரக்டரியில் பதிவேட்டின் பிரதியை வைத்திருக்கும் சர்வரை டொமைன் கன்ட்ரோலர் என்பார்கள். பொதுவாக அவற்றில் எதிலும் எழுதலாம். அவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக மாற்றினால், அதிக முறை திருத்தப்பட்ட பதிப்பும், அதிலும் சமமானால் கடைசியாக எழுதியதும் நிற்கும்.

ஒரே கட்டடத்தில் இருக்கும் சர்வர்கள் சில நொடிகளில் சொல்லிக்கொண்டுவிடும். தொலைவில் இருக்கும் இடங்களுக்கிடையே இணைப்பு மெதுவாக இருக்கும் என்று கருதி, இயல்பான இடைவெளியை 3 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் விட்டது என் தவறு. தோட்டத்துக்குப் புதிதாக ஒரு கணக்காளரை அமர்த்தி, காலையில் ஐந்து ரோட்டில் அவருக்குக் கணக்கு உருவாக்கி அனுப்பினோம். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ்ஸில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய கணக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. “அப்படி ஒருவர் இல்லை என்கிறதே, சார்” என்று முதல் நாளே தொலைபேசியில் கூசிக்கொண்டு கேட்டார். அன்று மாலையே இடைவெளியை 15 நிமிடமாகக் குறைத்தேன். அமைப்பில் வைக்கக்கூடிய குறைந்த அளவு அது.

கடவுச்சொல்லுக்கு மட்டும் இந்தத் தாமதம் இல்லை. எங்கே மாற்றினாலும் அது உடனே ஒரு குறிப்பிட்ட தலைமை சர்வருக்குச் சொல்லப்படுகிறது. மலை சர்வர் ஒரு கடவுச்சொல்லைத் தவறு என்று நிராகரிக்கும் முன் அந்தத் தலைமை சர்வரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளும். மாற்றிய கடவுச்சொல் மலையில் உடனே வேலை செய்வதும், புதிய ஆள் காத்திருக்க நேர்வதும் இதனால்தான்.

இணைப்பு முற்றிலும் போனாலும் கணினி கைவிடுவதில்லை. அதில் கடைசியாக நுழைந்த 10 பேரின் அடையாளத்தை விண்டோஸ் மறைவாக நினைவில் வைத்திருக்கும். அவர்கள் சர்வர் இல்லாமலே உள்ளே வரலாம். புதியவர் வர முடியாது. ஆகவே மலைக்குப் போகும் மடிக்கணினியில் அதன் பயனரை ஐந்து ரோட்டிலேயே ஒருமுறை நுழையச் செய்துவிட்டுத்தான் கொடுத்தனுப்புகிறேன்.

இனி அந்த 5 நிமிடக் கதை. ஒரு வடகிழக்குப் பருவமழையில் தோட்டத்தில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. யுபிஎஸ் முதல் நாளே தீர்ந்துவிட்டது. மின்சாரம் வந்தபோது சர்வரும் எழுந்தது. ஆனால் அதன் மதர்போர்டில் இருந்த நாணயம் போன்ற சிறு பேட்டரி செத்துப்போயிருந்ததால், பல வருடம் பின்னால் ஒரு தேதியில் எழுந்தது. கீழே உள்ள சர்வர் அதோடு பேச மறுத்தது. வித்தியாசம் 48 மணி நேரத்துக்கு மேல் என்பதால் அது தானாகத் திருத்திக்கொள்ளவும் இல்லை. டொமைன் கன்ட்ரோலருக்கு இயல்பாக வைத்த எச்சரிக்கை வரம்பு அது. நான் மழையில் மேலே போய்க் கடிகாரத்தைத் திருத்தி, ஒரு சிறு பேட்டரியை மாற்றினேன். இப்போது வருடத்துக்கு ஒருமுறை, ஆடிப் பண்டிகை விடுமுறையில், எல்லாச் சர்வர்களிலும் அந்தப் பேட்டரியை மாற்றிவிடுகிறேன்.

மலை அலுவலகத்தின் கதவும் பூட்டும் பலமானவை என்று சொல்ல முடியாது. நிறுவனத்தின் எல்லாருடைய கடவுச்சொல் சாவிகளும் அடங்கிய முழுப் பிரதியை அங்கே வைப்பது எனக்கு நிம்மதி தரவில்லை. இதற்கென்றே விண்டோஸ் சர்வர் 2008-லிருந்து, படிக்க மட்டுமான டொமைன் கன்ட்ரோலர் என்று ஒன்று வந்திருக்கிறது. அதில் யாரும் எதையும் மாற்ற முடியாது. நாம் அனுமதித்தவர்களின் கடவுச்சொல் மட்டுமே அதில் தங்கும். பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனாலும் தோட்டத்து ஊழியர்கள் சிலரின் கடவுச்சொல்லை மாற்றினால் போதும். ஏற்காட்டில் இப்போது இருப்பது அதுதான்.

பிரதிகள் இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. உலகெங்கும் அந்த நிறுவனம் வைத்திருந்த டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றையொன்று பிரதியெடுத்துக்கொண்டிருந்தன; ஒன்று போனால் மற்றொன்று இருக்கும் என்பது நம்பிக்கை. எல்லாமே ஒரே சமயத்தில் அழிந்தன. ஒன்றே ஒன்று தப்பியது. கானாவில் இருந்த சர்வர் அது. தாக்குதலுக்கு முன்பு அங்கே மின்சாரம் போய், இணைப்பிலிருந்து விலகியிருந்தது. அந்த ஒரு பிரதியை ஆள்மூலம் கைமாற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்துதான் முழுப் பதிவேட்டையும் மீட்டார்கள். இதைப் படித்த பிறகு, வாரம் ஒருமுறை பதிவேட்டைத் தனி ஹார்டு டிஸ்கில் எடுத்து, கம்பியைக் கழற்றி இரும்பு அலமாரியில் வைக்கிறேன். அந்தப் பிரதி 180 நாளுக்கு மேல் பழையதாகக் கூடாது. அழிக்கப்பட்ட பதிவுகளின் அடையாளத்தை டைரக்டரி இயல்பாக அவ்வளவு காலம்தான் வைத்திருக்கும். அதைவிடப் பழையதிலிருந்து மீட்டால், அழித்த ஆட்கள் உயிர்பெற்று வந்து குழப்பம் உண்டாகும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

சேலத்தில் என்னிடம் கேட்கும் சிறு நிறுவனத்தார் பெரும்பாலும் செலவைக் கேட்கிறார்கள். விண்டோஸ் சர்வருக்கு உரிமக் கட்டணமும், அதை அணுகும் ஒவ்வொரு பயனருக்கோ கருவிக்கோ தனி உரிமமும் வேண்டும். அது கனமென்றால், லினக்ஸில் இயங்கும் சாம்பா இருக்கிறது. 2012 டிசம்பரில் வந்த அதன் 4-ஆம் பதிப்பிலிருந்து ஆக்டிவ் டைரக்டரி போலவே டொமைன் கன்ட்ரோலராக வேலை செய்கிறது. நம்பிச் செய்யலாம், ஆனால் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும். எல்லாரும் இணையவழி மென்பொருளிலேயே வேலை பார்க்கும் அலுவலகமென்றால், 2023-ல் மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி என்று பெயர் மாற்றிய மேகவழிப் பதிவேடு போதுமானதாக இருக்கலாம். ஆலையில் இணைப்பு போனால் நூல் நிற்கக் கூடாது என்பதால் நாங்கள் உள்ளூரில் ஒரு சர்வர் வைத்துக்கொண்டோம்.

புதிய கணினி வாங்கும்போது விண்டோஸ் ஹோம் பதிப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதை டொமைனில் சேர்க்க முடியாது. பத்து மடிக்கணினிகளை மலிவாக வாங்கி வந்தபிறகு இது தெரியவந்தால் வேதனைதான்.

சேர்த்தபிறகு வரும் புகார்களில் மிகப் பெரும்பாலானவை, பெயரைக் கேட்டால் அந்தக் கணினியின் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சேவை சம்பந்தப்பட்டவை. டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி டிஎன்எஸ் வழியாகத்தான் கண்டுபிடிக்கிறது. இணையம் மெதுவாக இருக்கிறது என்று யாராவது நல்லெண்ணத்தில் டிஎன்எஸ் முகவரியைக் கூகுளின் 8.8.8.8 என்று மாற்றி வைத்துவிட்டால், கூகுளுக்கு எங்கள் ஐந்து ரோட்டு சர்வரைத் தெரியாது. உடனே ‘டொமைன் கிடைக்கவில்லை’ என்று வரும். முதலில் அதைப் பாருங்கள்.

போகிறவரின் கணக்கு

ஒருவர் சேரும்போது அவருக்குக் கணக்கு கேட்டு எல்லாரும் என்னைத் தேடி வருகிறார்கள். போகும்போது யாரும் வருவதில்லை. நோட்டில் நான்காவது பக்கம் விடுபட்டதும் அப்படித்தான். இப்போது மனிதவளப் பிரிவில், கணக்கை முடிக்கும் படிவத்தில் என் கையெழுத்துக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அது இல்லாமல் கடைசிச் சம்பளம் வெளியாகாது.

அன்றே கணக்கை அழிப்பதில்லை, முடக்குகிறேன். அழித்தால் அந்தப் பாதுகாப்பு எண்ணும் போய்விடும். அவர் எழுதிய கோப்புகளின் உரிமையாளர் யார் என்று கேட்டால் பொருளற்ற எண் வரிசை ஒன்றுதான் திரையில் தெரியும். மூன்று மாதம் முடக்கி, குழுக்களிலிருந்து நீக்கி, கோப்புகளை அடுத்தவர் பெயருக்கு மாற்றிய பிறகே அழிக்கிறேன். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-லிருந்து அழித்ததைத் திருப்பி எடுக்க டைரக்டரிக்கென ஒரு மீட்புத் தொட்டியும் (ரீசைக்கிள் பின்) உண்டு. ஆனால் அது தானாக இயங்காது, நாம்தான் இயக்கிவிட வேண்டும்.

முடக்கினாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. காலையில் அவர் வாங்கிய சீட்டுகள் கையில் இருக்கும். ஏற்கெனவே திறந்த சேவைக்கு அவை காலாவதியாகும் வரை செல்லும். மடிக்கணினி அவரிடம் இருந்தால், வலையமைப்பில் இல்லாமலே பழைய கடவுச்சொல்லில் திறந்துகொள்ளும். ஆகவே முடக்குவதோடு அவரைக் கணினியிலிருந்து வெளியேற்றிவிட்டு, மடிக்கணினியையும் கையோடு வாங்கிக்கொள்கிறேன். இதை அவர் முகத்துக்கு நேராக, விளக்கிச் சொல்லிச் செய்கிறேன். “இது உங்கள் பாதுகாப்புக்குத்தான், அண்ணா. நாளைக்கு உங்கள் பெயரில் யாரும் எதையும் திறக்க முடியாது” என்றால் யாரும் முகம் சுளித்ததில்லை.

மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறேன். எண்ணே லாகின் பெயர் என்பதால் அரை மணி நேர வேலை. சென்ற மாதம் ஒரு பெயர் மிஞ்சியது: எப்போதோ ஒரு தணிக்கைக்காக வந்தவருக்கு உருவாக்கிய கணக்கு, காலாவதித் தேதி போட மறந்தது. முடக்கிவிட்டு, தணிக்கையாளர்களுக்கு இனி 30 நாள் காலாவதியுடன்தான் கணக்கு என்று பெயர் விதிக்குக் கீழே இன்னொரு வரி எழுதி ஒட்டினேன்.